கோலமாவு வீடு

1

காலை எட்டு மணிக்கு வேலையிடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தபோது செல்வி கூப்பிட்டாள். ஊரில் அப்போது பதினொன்றரை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

செல்வி என் தம்பி பழனிவேலின் மனைவி. பழனி போய் இந்த வைகாசியோடு ஒரு வருடம் முடிந்தது. அன்று தலைத் திவசம். நான் போகவில்லை.

"வருசம் கும்புட்டாச்சு அண்ணி. எலை போட்டு எல்லாரும் சாப்ட்டுக்கிட்டு இருக்காங்க," என்றாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. யாரோ ரசம் கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

"நீ சாப்ட்டியா?"

"சாப்டணும். ஒரு விசயம் கேக்கத்தான் கூப்ட்டேன். இப்ப இருக்குற வாடகை வீட்ட ஆவணிக்குள்ள காலி பண்ணிக் குடுக்கச் சொல்றாங்க. வேற வீடு தேடிப் பாத்தேன், அமையல. அதான் நம்ம வீட்டுக்கே போயிரலாமான்னு." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்லுங்க அண்ணி. அந்தக் கூரைக்குக் கீழ புள்ளைகளப் படுக்க வைக்கலாமா?"

"புதுக்கோட்டையிலேருந்து இன்ஜினியர் வந்து பாத்துட்டு, நல்லாருக்குன்னு சொன்னாரே?"

"சொன்னாரு. சுத்தியல் மாதிரி ஒண்ண வச்சுத் தட்டித் தட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு. என் மனசு கேக்கல. நீங்க சொன்னாத்தான் போவேன்."

ரெண்டு நாள் கொடு, சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். அதன் மூலையில், மற்ற எல்லாக் கட்டிகளுக்கும் அடியில், என் தம்பி தன் கையால் வார்த்த கான்கிரீட் கட்டி ஒன்று ஏறக்குறைய ஒரு வருடமாகத் தண்ணீருக்குள் கிடக்கிறது. செல்வி கேட்டதற்குப் பதில் அதற்குள் இருக்கிறது. உடைத்தால் தெரியும். உடைக்கத்தான் எனக்குக் கை வரவில்லை.

2

நான் இருக்கும் ஊர் ஜெர்மனியின் மேற்கே, ரைன் ஆற்றங்கரையில், இரும்பாலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஒரு கான்கிரீட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கான்கிரீட்டைப் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளாக வார்ப்போம். தண்ணீரில் போட்டு வைப்போம். குறித்த நாளில் எடுத்து, இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்போம். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கட்டி உடைக்கிற வேலை என்பேன். டாக்டரா என்று ஒரு முறை கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

சிமெண்டு என்பது சுண்ணாம்புக் கல்லைக் கடுமையாகச் சுட்டுப் பொடித்தது. சுடும்போது எரிபொருளின் புகை ஒரு பக்கம். கல்லுக்குள் அடைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுவது இன்னொரு பக்கம். அடுப்பை எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் கல்லிலிருந்து வருவதை நிறுத்த முடியாது. உலகம் சூடாவதில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. அதனால் சிமெண்டில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் இரும்பாலைக் கசடைப் பொடித்துச் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் கூடத்தின் முக்கியமான வேலை. இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கும் கழிவுதான் கசடு. பொடித்தால் வெள்ளையாக, சன்னமாக இருக்கும். அதற்கு ஒரே குறை, சோம்பல். நன்றாகத்தான் இறுகும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெறும் சிமெண்டு போட்டதைவிடக் கெட்டியாகக்கூட நிற்கும். ஆனால் முதல் சில வாரம் அதை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

பழனி வீடு கட்டத் தொடங்கியபோது என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. வெள்ளிக்கிழமையானால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், பூமியைக் காப்பாற்றச் சொல்லும் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவாள். என்னிடம் அவள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. பேசுவதும் பாதி ஜெர்மனில். ஒரு நாள் சாப்பிடும்போது அவளாகவே கேட்டாள்.

"அம்மா, நீ செய்ற வேலை நல்ல வேலை. ஆனா நம்ம ஃபேமிலில யாராவது அதுல வீடு கட்டியிருக்காங்களா?"

இல்லை என்றேன். "அப்ப?" என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைக் குத்தியது. அதைவிட, அவள் என் வேலையைப் பற்றிக் கேட்டது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. மறுநாளே பழனியைக் கூப்பிட்டேன்.

பழனி கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் பெயர் வாங்கிய மேஸ்திரி. இருபது வருடம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டிவிட்டு, அப்போதுதான் தனக்கென்று, ஊருக்கு வெளியே முந்திரிக்காடு தொடங்கும் இடத்தில் கடைக்கால் தோண்டியிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, திருச்சிப் பக்கம் விசாரித்து ஒரு மூட்டை கசடுத் தூளை வரவழைத்தான். பிரித்துப் பார்த்ததும் வீடியோவில் வந்தான். உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளிக் காட்டினான்.

"என்னக்கா, கோலமாவுல வீடு கட்டச் சொல்ற?"

"போட்டுப் பாரு. ஒம்மருமகளுக்காக."

"நீ சொன்னா சரிதான். விழுந்தா ஒன்னையத்தான் கேப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

3

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினேன். பாதிக்குப் பாதி கலவை. தளம் போட்டால் இருபத்தொரு நாள் தண்ணீர் நிற்க வேண்டும். தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுக் கம்புகளை இருபத்தெட்டு நாளைக்கு எடுக்கக் கூடாது. போர்டிகோ முட்டுகளை எடுக்கும் முன்பு, கூடவே வார்த்த கட்டியில் ஒன்றைப் புதுக்கோட்டையில் இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கொண்டுபோய் உடைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாளை அவன் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையில் ஆணியடித்து மாட்டியிருந்தான்.

மாசியில் கூரைத் தளம் போட்டார்கள். ஆட்களுக்கு ஆட்டுக்கறிச் சாப்பாடு. மறுநாள் தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினான். எங்கள் பக்கம் தளத்தை அப்படித்தான் நனைப்பார்கள். வேறு வீட்டுக்கு என்றால் ஏழு நாள், அதிகம் போனால் பத்து நாள். இதற்கு இருபத்தொரு நாளும் தினம் காலையில் ஏறி நின்று போட்டோ அனுப்பினான். பாத்திக்குள் வானம் தெரியும். யாழினி அதில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு ஒரு சுவரொட்டி செய்தாள். "என் மாமாவின் வீடு" என்று ஜெர்மனில் தலைப்பு. வீட்டுக்கு வந்ததும் அதைத் தன் அறையில் ஒட்டிக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் நாள் முட்டுகளைப் பிரித்தான். கடைசி முட்டுக் கம்பை மேஸ்திரிதான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் ஒரு முறை. ஆட்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே நிற்பான். சம்மட்டியால் தட்டிக் கம்பைச் சாய்த்துவிட்டு, போனைப் பார்த்துக் கத்தினான்.

"கோலமாவு நின்னுருச்சுக்கா!"

கிரகப்பிரவேசம் ஆவணியில் என்று பேசி வைத்திருந்தோம். போர்டிகோ மட்டும்தான் பாக்கி. வாசலுக்கு முன்னால் தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும் தளம் அது. கார் நிற்க வேண்டும் என்று செல்வி ஆசைப்பட்டாள். காரே கிடையாது. வரும்போது வரட்டும் என்று பழனி வரைபடத்தில் சேர்த்தான். ஆவணிக்கு மாதக்கணக்கில் நாள் கிடந்தது.

அப்போது எனக்குக் குடியுரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருடம் காத்திருந்த நேர்காணல், சரியாக ஆவணியில். தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதினேன். மாற்றலாம், ஆனால் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று பதில் வந்தது. ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கம் புதுமனை புக மாட்டார்கள். பழனியைக் கூப்பிட்டேன்.

"டேய், வைகாசிக் கடைசில வச்சுக்கலாமாடா? அத விட்டா எனக்கு இந்த வருசம் வர முடியாது."

"போர்டிகோ இன்னும் போடவே இல்லையேக்கா."

"அது பெறகு போட்டுக்கக் கூடாதா?"

"மொகப்பு இல்லாம மொட்டையாவா பால் காய்ச்சுறது? ஊரே வந்து நிக்கும்." பிறகு அவனே சொன்னான். "நீ இல்லாம காய்ச்சுறதுக்கு அது எதுக்கு. நீ வார தேதியச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

தேதியைச் சொன்னேன். இங்கே பரிசோதனைக் கூடத்தில், கட்டியை ஒரு நாள் முன்னதாக எடுத்துவிட்ட பணியாளரை நான் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறேன். அதே நான் அன்று விரல் விட்டு எண்ணியது என் விடுமுறை நாட்களை மட்டும்தான்.

விழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது போர்டிகோவுக்குக் கான்கிரீட் போட்டான். அன்று மாலை பேசினான்.

"கட்டி ஆறு போட்டாச்சு. ஒண்ணுல ஒம்பேரு எழுதிருக்கேன். மெஷின்காரி நீதான, நீயே வந்து ஒடச்சுப் பாரு."

சரி என்று சிரித்தேன். அப்படியானால் நான் வந்து உடைக்கிற வரைக்கும் முட்டுகள் நிற்கும்தானே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

4

கான்கிரீட் போட்ட எட்டாம் நாள் நான் குடியுரிமை அலுவலகத்தில் இருந்தேன். நேர்காணலுக்கு முன்பு கொடுக்க வேண்டிய தாள்கள் ஒரு கட்டு. எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார் அந்த அம்மாள். நான் கோபத்தில் இலக்கணம் எல்லாம் உதிர்ந்த ஜெர்மனில் ஏதோ சொன்னேன். அவர் இன்னொரு படிவத்தை நீட்டினார். வெளியே வந்து டிராமில் உட்கார்ந்தபோதுதான் போனைப் பார்த்தேன். பழனியின் குரல் பதிவு ஒன்று இருந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, வேலையா இருப்ப. ஒண்ணுமில்ல. போர்டிகோ முட்டுக்கம்ப நாளைக்கு எடுத்துரவா? அடிப்பூச்சு பூசணும், பெயிண்டு அடிக்கணும். ஐயரு வேற, மாடு வாசல் வழியாத்தான் உள்ள வரணுங்குறாரு. இம்புட்டுக் கம்பு காடு மாதிரி நின்னா மாடு மெரண்டுரும். தாள்ல இருவத்தெட்டு நாள்னு போட்ருக்க. நம்ம வெயிலுக்கு ஒம்பது நாள் பத்தாதா? எத்தன போர்டிகோ பிரிச்சிருக்கேன். சொல்லுக்கா."

எடுக்காதே. அந்த ஒரு சொல்லைத் தட்டி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான் அனுப்பவில்லை. மடியில் இருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இல்லையென்றால் அவன் பிடிவாதம் பிடிப்பான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் யாழினிக்கு எடுத்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அவள் ஜீன்ஸ்தான் போடுவேன் என்றாள், சண்டை வந்தது. அது முடிந்தபோது ஊரில் எல்லோரும் படுத்திருப்பார்கள். காலையில் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். தாளில்தான் எழுதியிருக்கிறதே என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெட்டியை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் விமானம். செல்வி கூப்பிட்டாள்.

"அண்ணி, தளம் விழுந்துருச்சு."

"எந்தத் தளம்?"

என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். பழனி எங்கே என்று நான் கேட்கவில்லை. பதினேழு வருடம் கட்டி உடைத்த புத்தி, எந்தத் தளம் என்று கேட்டது. பிறகு செல்வி சொன்னாள்.

"அவரு மேல அண்ணி. அவரு மேல."

ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, கடைசி முட்டுக் கம்பை அவனே எடுத்திருக்கிறான்.

5

நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. காத்திருக்க முடியாத நிலையில் உடம்பு இருந்தது என்றார்கள். கிரகப்பிரவேசத்துக்கு என்று பெட்டியில் வைத்திருந்த பட்டுச் சேலையை எடுக்காமலே, போட்டிருந்த உடுப்போடு போய் நின்றேன். செல்வி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

வாசலில் போர்டிகோ கிடந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து என்னிடமே காட்டினார்.

"பாருங்கத்தா, உள்ள எப்புடிப் பச்சையா இருக்குன்னு. மருந்து கலந்த சிமெண்டு. வெளிநாட்டுச் சரக்கு."

கசடு சேர்த்த கான்கிரீட்டைப் புதிதாக உடைத்தால் உள்ளே பச்சையும் நீலமும் கலந்த நிறம்தான் இருக்கும். காற்றுப் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும். அது கெட்ட கலவைக்கு அடையாளம் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். செல்வியின் இரண்டு பெண் குழந்தைகளும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். துண்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

வெறும் சிமெண்டாக இருந்திருந்தால் ஒன்பதாம் நாள் அது நின்றிருக்குமா? சத்தியம் செய்ய முடியாது. நின்றிருக்கலாம். அவன் வேறு வீடுகளில் அப்படி எடுத்தவை நின்றன. நான் சொல்லிக் கொடுத்த மெதுவான கலவையும், நான் சொன்ன அவசரமான தேதியும் ஒரே தளத்தில் சேர்ந்துவிட்டன. யார் மீது தப்பு என்று போலீஸ் கேட்கவில்லை, விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். பழனி விளையாட்டாகச் சொன்ன பெயர் ஊருக்குள் பரவியிருந்தது. கோலமாவு வீடு என்றால் இப்போது ஷேர் ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

போர்வெல் குழாயடியில் நீல டிரம் ஒன்று இருந்தது. அதற்குள் ஆறு கட்டிகள் தண்ணீரில் கிடந்தன. தாளில் எழுதியபடியே போட்டு வைத்திருந்தான். ஐந்தில் தேதி மட்டும். ஆறாவதில், கலவை ஈரமாக இருக்கும்போதே ஆணியால் கீறி "அக்காவுக்கு" என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே கோணல் எழுத்து. அந்தக் கட்டியை ஈரத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். மற்ற ஐந்தையும் இடிபாடுகளோடு டிராக்டரில் அள்ளிப் போய்விட்டார்கள்.

இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். எட்டுக் கிலோ கான்கிரீட்டைப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். என் தம்பி செய்தது என்று சொல்லத் தொடங்கினேன். ஜெர்மனில் அந்த வாக்கியத்துக்குச் செய்தது என்ற சொல் கடைசியில்தான் வரும், நம்மைப் போல. அது வரவில்லை. "இது என் தம்பி" என்பதோடு நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பழையபடி சுற்றினார், பெட்டியை மூடிக் கொடுத்தார்.

6

ஆவணியில் நேர்காணலுக்குப் போனேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன். சான்றிதழ் கொடுத்த நாளில் நகரசபை மண்டபத்தில் கை தட்டினார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இனி ஊருக்குப் போக விசா வாங்க வேண்டும். தலைத் திவசத்துக்கு ஏன் வரவில்லை என்று உறவுக்காரர்கள் கேட்டதற்கு, விசாவுக்கான காகிதம் வரவில்லை என்று சொன்னேன். பொய். விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும். அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

யாழினி அறையில் அந்தச் சுவரொட்டி இருந்த இடத்தில் நாலு மூலையிலும் பசைக் கறை மட்டும் இருக்கிறது. எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. துக்கம் விசாரிக்க நம் வழக்கத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை. செல்வியிடம் வீடியோவில் "ஸாரி அத்தை, ஸாரி அத்தை" என்று அழுதாள். "நீ எதுக்குத்தா ஸாரி சொல்ற?" என்றாள் செல்வி. "நீ" என்பதில் ஒரு அழுத்தம் இருந்தது போல எனக்குப் பட்டது. வெறும் பிரமை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கட்டியை உடைக்காமல் விட்டதற்கு அதில் இருந்த அவன் கையெழுத்துதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. குறைவான பாரத்தில் உடைந்தால் என் கலவை அவனைக் கொன்றது. நல்ல பாரத்தில் உடைந்தால் என் தேதி கொன்றது. இரண்டில் எது என்று தெரியாமல் இருந்தவரை நான் வேலைக்குப் போய் வந்தேன், சமைத்தேன், தூங்கினேன்.

7

செல்விக்குச் சொன்ன இரண்டு நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்தது. யாழினி ஊர்வலத்துக்குப் போகவில்லை. நானும் வருகிறேன் என்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

கட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். எங்கள் கூடத்தின் தலைவர் ஹோல்கர், நான் செய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யாழினி எழுத்துகளின் மேல் விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டு நாளாகிறது அவளுக்கு.

"அ...க்...கா...வு...க்கு. அக்கான்னா நீயா?"

"நான்தான்."

வார்க்கும்போது மேலே இருந்த முகத்தை, இதில் எழுத்து இருக்கும் முகத்தை, இயந்திரத்தில் பக்கவாட்டில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பாரம் ஏற ஏறப் பக்கங்கள்தான் முதலில் உதிரும். விதியை ஒரு முறையாவது மீறினால் என்ன என்று தோன்றியது. மீறவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

எண் ஏறியது. அந்தத் தளத்துக்குத் தேவை இருபத்தைந்து. இருபதைத் தாண்டியது. எண் நிற்காதா, கட்டி இங்கேயே உடைந்துவிடாதா என்று ஒரு நொடி மனது கெஞ்சியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருபத்தைந்தைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. நாற்பத்தொன்றில் டப்பென்று சத்தம் கேட்டது. எழுத்து இருந்த பக்கம் மூன்று துண்டாக விழுந்தது. உள்ளே அதே பச்சை நீலம். யாழினி கீழே உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி, எழுத்து சேருகிறதா என்று வைத்து வைத்துப் பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அங்கேயே நின்று செல்வியைக் கூப்பிட்டேன்.

"பாத்துட்டேன் செல்வி. நல்ல கலவை. வேணுங்கறதுக்கு மேலயே நிக்குது. கூரைக்கும் அதே கலவைதான், அதுக்கு இருவத்தொரு நாளும் தண்ணி நின்னுச்சு. தைரியமாப் போகலாம். புள்ளைகளப் படுக்க வையி."

"அப்ப அன்னைக்கு ஏன் அண்ணி விழுந்துச்சு?"

"நாள் பத்தல."

"ம்."

"அவன் கேக்காம எடுத்தான்னு நெனச்சிறாத. கேட்டான். மொத நாளு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான், எடுத்துரவான்னு. நான் கேட்டேன். கேட்டுட்டுப் பதில் போடல. காலைல பேசிக்கலாம்னு விட்டுட்டேன். நான்தான்..."

"தெரியும் அண்ணி."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அவரு பேசுறப்ப போனப் புடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். அவரு கையெல்லாம் சிமெண்டு. சாயங்காலம் எடுத்துப் பாத்தேன், ரெண்டு டிக்கும் நீலமா இருந்துச்சு. அண்ணி கேட்டுட்டாங்க, பதில் வரலையே, ஒரு நாள் பொறுங்களேன்னு சொன்னேன். 'கூடாதுன்னா எங்கக்கா அந்த நிமிசமே கத்திருக்கும்டி, சும்மா இருந்தா சரின்னு அர்த்தம்'னாரு."

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"ஒரு வருசமா, நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லிட்டீங்க." மூக்கை உறிஞ்சினாள். "ஆவணில ஒரு நாளு பாத்து நாங்களே பால் காய்ச்சிக்கிறோம் அண்ணி. ஒங்க லீவுக்குத் தக்கன நாள் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்க வர வேணாம். சரியா?"

இந்த முறை உடனே பதில் சொன்னேன். சரி என்றேன்.